எவரிஸ்டோவுக்காகக் காத்திருந்த ரயில்கள்

என் மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய பினோ அக்காவுக்கு,

ஆருகாஸிலிருந்து தம்பி எவரிஸ்டோ எழுதுவது. இங்கே நானும் கேண்டலாரியாவும் மகள் இடைராவும் நலம். அங்கே நீயும் உன் முழங்காலும் எல் இயேரோ தீவில் உள்ள உன் ஆடுகள் அத்தனையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நீ அனுப்பிய பாலாடைக்கட்டி வந்து சேர்ந்தது, சேர்ந்த அன்றே தீர்ந்தும் போனது.

ஈஸ்டர் விடுமுறைப் பயணம் முடிந்து இன்று ராத்திரிதான் வீடு வந்தோம். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் உனக்கு எழுதுகிறேன், ஏனென்றால் என் முடிவுக்காகக் காத்திருப்பவள் நீதான். பள்ளிப் படிப்பு முடிந்ததும் வியன்னாவில் போய்ப் படிக்கப் போகிறேன் என்று இடைரா ஒற்றைக் காலில் நிற்க, நீயும் போனில் "பொண்ணை விடுடா, அவ உன்னைவிடக் கெட்டிக்காரி" என்று என் காது கிழியக் கத்தினாய். முதலில் அந்த ஊர்களை நான் என் கண்ணால் பார்க்கிறேன், அவள் தனியாகச் சமாளிப்பாளா என்று பிறகு சொல்கிறேன் என்றேன். பார்த்துவிட்டேன் அக்கா. பெருமையாகத்தான் இருக்கிறது, நெஞ்சு கொள்ளவில்லை. அதில் பெரும் பங்கு என்னைப் பற்றியது என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டேன், இல்லாவிட்டால் டிப்போக்காரர்கள் பஸ் ஓட்டக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். கையில் அப்பாவின் பழைய கடிகாரம் மட்டும். "கனாரியாவில் ஒரு மணி நேரம் குறைவு" என்று மாட்ரிட் ரேடியோ ஒவ்வொரு செய்திக்கும் சொல்லிக் காட்டும் கனாரியத் தீவில் பிறந்தவனுக்கு நேரக் கணக்கு யாரும் சொல்லித் தர வேண்டுமா? மாட்ரிட்டில் இறங்கியதும் நானே ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டேன். வியன்னாவில் இறங்கியதும் இடைரா வந்து, "அப்பா, இன்னும் கிழக்க வந்திருக்கோம்ல, இன்னொரு மணி கூட்டிக்கோ" என்றாள். பூகோளம் எப்படிப் படித்திருக்கிறாள் பார்! கூட வந்த அவள் தோழி யுரேனாவுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் பிடித்துக்கொண்டது. குளிர் நாடு, பாவம். கேண்டலாரியாவும் சேர்ந்து இருமினாள்.

நம் ஆட்கள் விடைபெறுவது எப்படி என்று உனக்குத் தெரியும். "சரி, கிளம்பறோம்" என்று சொன்ன பிறகுதானே பேச்சே ஆரம்பிக்கும், வாசற்படியில் ஒன்று, தெருமுனையில் ஒன்று, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. வியன்னாவில் நாங்கள் தங்கிய வீட்டுக்காரி, ஃப்ராவ் ஹோலுப், தங்கமான அம்மாள். அவளுக்கு ஸ்பானிஷ் தெரியாது, எனக்கு ஜெர்மன் தெரியாது, அதனால் பேச்சு முடியவே இல்லை. நம் வாழைப்பழத்தின் அருமையை நான் கையால் விளக்க, அவள் செத்துப்போன புருஷனின் படத்தை எடுத்துக் காட்ட, கேண்டலாரியா "எவரிஸ்டோ, நீ வர்றியா, இல்ல அந்தாளு இடத்துல இங்கயே இருந்துக்கிறியா?" என்று படியிலிருந்து கத்த, ஒருவழியாக ஸ்டேஷனுக்கு ஓடினால் என் கடிகாரப்படி பிராக் ரயில் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்.

நின்றுகொண்டிருந்தது அக்கா! எங்களுக்காக! எனக்கு உடனே புரிந்துவிட்டது. முந்தின நாள் டிராம் ஓட்டுநரிடம் காற்றிலே ஸ்டியரிங் சுற்றிக் காட்டி, "நானும் உங்க ஆளுதான்" என்று சொல்லியிருந்தேன். சேதி பரவியிருக்கிறது. ஓடி வரும் கிழவிக்காக நான் பஸ்ஸை நிறுத்தி வைப்பதில்லையா, அதே மரியாதைதான். எஞ்சின்வரை நடந்துபோய் ஓட்டுநரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவன் பேந்தப் பேந்த விழித்தான், அவ்வளவு அடக்கம்.

அதற்கப்புறம் ஒரு ரயிலாவது என்னை விட்டுவிட்டுப் போனதா என்று கேள்! பிராக்கில் ரொட்டிக் கடைக்காரனிடம் விடைபெற்று வந்தேன், ரயில் நின்றது. டிரெஸ்டனில் அருங்காட்சியகக் காவலாளியிடம் விடைபெற்று வந்தேன், நின்றது. ஒரே ஒரு குறை சொல்ல வேண்டும். நேரம் தவறாதவர்கள் என்று பெயர் வாங்கியிருக்கும் இந்த ஜனங்களிடம் ஒரு கடிகாரமாவது சரியாக ஓட வேண்டுமே! எல்லா ஸ்டேஷனிலும் ஒரு மணி நேரம் பின்தங்கியே ஓடுகிறது. பிராக் சதுக்கத்தில் பொம்மைகள் வந்து தலையாட்டும் பெரிய கடிகாரத்தை ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது, அதுவும் அப்படியேதான். நான் கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டி நாலு பேருக்கு எடுத்துச் சொன்னேன். இடைரா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். "விடுப்பா, அவங்க மனசு கஷ்டப்படும்." என்ன குணம் பார்த்தாயா!

பெர்லின் போகும் ரயிலில் சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு தம்பதியிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தேன். மகள் மூச்சிரைக்க ஓடி வந்து காலரைப் பிடித்துத் தூக்கினாள். "அப்பா, எந்திரி! ரயிலை இங்க ரெண்டாப் பிரிக்கிறாங்க, இந்தப் பாதி வேற ஊருக்குப் போகுது!" நாங்கள் பிளாட்பாரத்தில் ஓடி அடுத்த பாதியில் ஏறியதும் அந்தத் தம்பதி ஜன்னல் வழியாகக் கையசைத்தபடி வேறு திசையில் போனார்கள். டிக்கெட், தங்குமிடம், யுரேனாவின் காய்ச்சலுக்கு மருந்து, ஜெர்மன் பேச்சு, எல்லாம் அவள்தான் பார்த்தாள். இந்தச் சின்ன வேலைகளில் அவளைக் குறை சொல்லவே முடியாது.

ஆனால் அக்கா, ரயிலை நிறுத்தி வைப்பது யார்? நான். அவள் தனியாகப் போனால் எந்த ஓட்டுநர் அவளுக்காகக் காத்திருப்பான்? அவளுக்கு என்ன ஸ்டியரிங் பிடிக்கத் தெரியுமா? அதனால் யோசித்து முடிவு செய்துவிட்டேன். இங்கேயே லாஸ் பால்மாஸில் படிக்கட்டும். விமானத்தில் இதைச் சொன்னதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனாலும் தகப்பன் என்றால் உறுதி வேண்டும். நீ கத்தாதே.

உனக்குப் பெயர் தந்த பினோ மாதா உன்னையும் ஆடுகளையும் காக்கட்டும். கேண்டலாரியா முத்தம் அனுப்புகிறாள்.

உன் தம்பி,
எவரிஸ்டோ

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. வீடு வந்ததும் வழக்கம்போல என் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் குறைத்திருந்தேன். காலையில் பார்த்தால் சமையலறைக் கடிகாரத்துக்கும் அந்த ஐரோப்பிய வியாதி தொற்றியிருந்தது. டிப்போவுக்குப் போனேன், ஈ காக்கை இல்லை. மேற்பார்வையாளர் சானோ மட்டும் இருந்தான். "யாருப்பா, எவரிஸ்டோவா? ஒரு மணி நேரம் முன்னாடியா? பொண்டாட்டி துரத்திட்டாளா?" அப்போது ரேடியோவில் செய்தி. "மணி ஏழு, கனாரியாவில் ஆறு." என் கையில் ஏழு.

சானோவிடம் முழுக் கதையும் சொன்னேன். "மாட்ரிட்லயும் வியன்னாலயும் ஒரே மணிடா, மடையா" என்றான். டிப்போ பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வியன்னாவில் இன்னொரு மணி கூட்டச் சொன்னது இடைராதானே! எந்த ரயிலும் எனக்காக நிற்கவில்லை அக்கா. எல்லாம் அதனதன் நேரத்துக்குத்தான் கிளம்பியிருக்கின்றன. அத்தனை ஊரிலும் அத்தனை மூட்டைகளையும் ஒன்றுவிடாமல் ஏற்றி இறக்கியிருக்கிறாள் என் பெண், அதில் நகர்த்தவே முடியாத மூட்டை நான். கேண்டலாரியாவைக் கேட்டால் அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்கும் சிரிப்புதான் வந்தது. என்னைச் சமாளித்தவள் எந்த ஊரையும் சமாளிப்பாள்.

மேலே எழுதியதை அடித்துவிடு. அவள் வியன்னாவுக்குப் போகிறாள், மத்தியானம் சொல்லிவிட்டேன், கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு விஷயம் தெரியும் என்று மட்டும் அவளிடம் மூச்சு விடாதே. இந்தக் கடிகாரத்தை நான் திருத்தப் போவதில்லை. செப்டம்பரில் விமான நிலையத்தில் அவளிடம் விடைபெற எனக்கு அந்த ஒரு மணி நேரம் வேண்டும்.