கசப்பிலையை நிறுத்தச் சொன்ன தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. ஆண்டவன் கிருபையால் இங்கே நானும் உன் மாமாவும் செடியும் சுகம். அங்கே நீயும் உன் மனைவியும் உன்னிடம் வரும் நோயாளிகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் பெயர் சொல்லி வேண்டிக்கொள்கிறேன். நோயாளிகள் எல்லாரும் சுகமாகிவிட்டால் நீ பிழைப்புக்கு என்ன செய்வாய் என்று உன் மாமா கேட்கிறார். அது ஆண்டவன் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

நீ போனில் அனுப்பியதைப் படித்தேன். "அக்கா, அந்த இலையை நிறுத்து. மாத்திரையைக் கொடு." ரெண்டே வரி. நீ பெரிய டாக்டர், உனக்கு நேரமில்லை, சரி. எனக்கு ரெண்டு வரியில் பதில் சொல்ல வராது. அதனால்தான் தாளை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து பெரிசு பெரிசாக இருக்கிறதே என்று நினைக்காதே, கண்ணாடியை மாற்ற வேண்டும்.

முதலில் எதற்காக இந்தப் பாடு என்பது உனக்குப் புரிய வேண்டும். வருகிற பதினெட்டாம் தேதி உன் மாமாவுக்கு டிப்போவில் வருஷாந்திர மெடிக்கல். போன வருஷம் வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்றுப் பத்து காட்டி, டிப்போ டாக்டர் இரக்கப்பட்டு விட்டுவிட்டார். இந்த வருஷம் டாக்டர் மாறியாச்சு. நூற்றைம்பதைத் தாண்டினால் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் தொலைந்த சாமான்களை வைத்திருக்கும் அறையில் உட்கார வைத்துவிடுவார்களாம். இருபத்தாறு வருஷம் ஒரு கோழிக்குஞ்சைக்கூட நசுக்காமல் வண்டி ஓட்டிய மனுஷன். "நான் போய் ஒத்தைச் செருப்புக்குச் சீட்டு எழுதணுமா" என்று கேட்டுவிட்டு ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன அந்த ரூமில் கிடக்கிற குடையா? மாத்திரை வருஷக்கணக்காகத்தான் போட்டார், இருநூற்றுப் பத்தில்தானே நின்றது? போட்ட நாள் பாதி, மறந்த நாள் பாதி என்று நீ சொல்வாய். மறந்து போகிற மருந்து என்ன மருந்து? கசப்பிலையைக் குடித்தவன் சாகிற வரைக்கும் மறக்க மாட்டான்.

செடி வந்த கதை இது. நர்சரிக்காரர் ஒரு முழ நீளத்தில் நாலு குச்சி கொடுத்து, "ஆப்பிரிக்கக் கசப்பிலைம்மா, அங்கே வீட்டுக்கு வீடு வேலியோரமா இருக்குமாம், சும்மா சொருகி வைங்க, வந்துடும்" என்றார். சொருகி வைத்தேன். இருபது நாள் தண்ணீர் ஊற்றினேன், பிரார்த்தனையும் பண்ணினேன், ஒரு துளிர் இல்லை. போய்ச் சண்டை போட்டு அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "நாலையும் தலைகீழா நட்டிருக்கீங்கம்மா" என்றார். எது தலை எது கால் என்று குச்சியில் எழுதியா ஒட்டியிருந்தது? கணுவுக்கு மேலே மொட்டு இருக்கும், அது வானத்தைப் பார்க்க வேண்டும், குச்சியைக் கொஞ்சம் சாய்த்து நட வேண்டும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். திருப்பி நட்டதில் மூணு போச்சு, ஒண்ணு பிழைத்தது. அந்த ஒண்ணு, நாலு பேர் சாப்பாட்டை ஒருத்தனே சாப்பிட்ட மாதிரி அஞ்சு மாசத்தில் மதிலுக்கு மேலே போய் மாடி ஜன்னலை எட்டிப் பார்த்தது.

மாடியில்தான் வீட்டுக்காரர் குடியிருக்கிறார் என்பது உனக்குத் தெரியும். "காத்து வரலை, வெளிச்சம் வரலை, உங்க காடு மட்டும் வருது" என்று படியிறங்கி வந்தார். அன்றைக்கு நான் இலை கழுவிக்கொண்டிருந்தேன். இதைக் கழுவுவது தனி வித்தை. பன்னிரண்டு இலையைக் கிள்ளி, உப்புப் போட்டுக் கசக்கி, தண்ணீர் மாற்றி மாற்றி அலச வேண்டும். அப்போதுதான் மனுஷ நாக்கு தாங்கும். எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். என் காலைப் பிரார்த்தனையை ஒரு தடவை முழுசாகச் சொன்னால் ஓர் அலசல். மூணு தடவை சொன்னால் மூணு அலசல். உள்ளே இருந்து உன் மாமா, "இன்னொரு தடவை சொல்லேன், ஆண்டவன் வேண்டாம்னா சொல்லப் போறாரு" என்று குரல் கொடுப்பார். பக்தியில் இல்லை, கசப்பு குறையட்டும் என்று. கசக்கும்போது இலை சோப்பு மாதிரி நுரைக்கும். வீட்டுக்காரர் வந்து நின்றபோது தொட்டி நிறைய நுரை, நான் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருக்கிறேன். "சமையல்கட்டுல துணி துவைக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு" என்றார். துணி இல்லை, மருந்து என்று ஒரு டம்ளர் எடுத்து நீட்டினேன். குடித்தார். செடியைப் பற்றிப் பேச வந்ததையே மறந்து போய், படியேறும்போது கைப்பிடியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார். மறுநாள் அவர் மனைவி வந்து, "அவருக்கு ராத்திரி முழுக்க ஏப்பமே இல்லை, எனக்கும் ஒரு கைப்பிடி கொடுங்க" என்று வாங்கிப் போனாள். இப்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவளே பறித்துக்கொள்கிறாள். காற்றும் வெளிச்சமும் இல்லை என்கிற பேச்சே இல்லை.

உன் மாமாவைக் குடிக்க வைத்ததுதான் பெரிய கதை. முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு ரொம்ப நேரம் சுவரையே பார்த்தார். "எப்படி இருக்கு?" என்றேன். "உங்க அப்பா கல்யாணத்தன்னிக்கு என்னைப் பார்த்த பார்வை மாதிரி இருக்கு" என்றார். மறுநாள் குடிக்கவே மாட்டேன் என்று பிடிவாதம். "நீ குடி, நானும் குடிக்கிறேன்" என்றார். அதுதான் சாக்கு என்றால் அதையும் பார்த்துவிடுகிறேன் என்று, அன்றையிலிருந்து ரெண்டு டம்ளர். ஒரே இலை, ஒரே அலசல், ஒரே அளவு, ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே மூச்சில் குடிக்கிறோம். எனக்கு ஒரு வியாதியும் இல்லை, துணைக்குக் குடிக்கிறேன். செடி வேலையில் கொஞ்சம் அசதி, நாக்கு வறண்டுபோய் ஒரு நாளைக்கு ரெண்டு குடம் தண்ணீர் குடிக்கிறேன், அவ்வளவுதான்.

நடுவில் ஒரு சின்னச் சங்கடம். இதன் குச்சியை மென்று பல் துலக்கினால் ஈறுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, உன் மாமாவோடு ஓடும் கண்டக்டருக்கு ஒரு கட்டு கொடுத்தனுப்பினேன். அந்த மனுஷன் வண்டியிலேயே மென்றுகொண்டு, இடையிடையே விசிலும் ஊதியிருக்கிறார். டூட்டி மாறும்போது அடுத்த கண்டக்டர் விசிலை மறந்து வந்தவர், இவருடையதை இரவல் வாங்கி வாயில் வைத்திருக்கிறார். அப்புறம் மூணு ஸ்டாப்புக்கு வண்டி கைதட்டித்தான் கிளம்பியதாம். டிப்போவில் உன் மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "என் வீட்டுல விளைஞ்சதுதான் சார், நானும் தினம் அனுபவிக்கிறேன்" என்றாராம்.

இதையெல்லாம் விடு. என் நோட்டைப் பற்றிச் சொல்கிறேன், அதுதான் உனக்குப் பதில். நான் படித்தது எட்டாவது. மீதியெல்லாம் பொட்டலம் கட்டி வந்த காகிதத்திலிருந்து நானாகப் படித்தது. ஆனால் நோட்டுப் போடுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தேதி, இலை எண்ணிக்கை, எத்தனை அலசல், மெஷினில் உன் மாமாவின் சர்க்கரை, எல்லாம் கோடு போட்டுக் கட்டம் கட்டி எழுதியிருக்கிறேன். முதல் ரெண்டு வாரம் எட்டு இலை, சர்க்கரை இருநூற்று இருபதிலிருந்து அசையவில்லை. மூணாவது வாரம் திங்கட்கிழமை பன்னிரண்டு இலையாக்கினேன். அந்த வாரமே நூற்றுத் தொண்ணூறு. அடுத்த வாரம் நூற்று அறுபத்தெட்டு. நேற்று நூற்று இருபத்தொன்பது. உங்கள் ஆஸ்பத்திரியில் இவ்வளவு சுத்தமாக யாராவது எழுதுகிறார்களா? எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்தான் சூட்சுமம். நாலு இலை, தம்பி. அந்த நாலு இலையை நீ அத்தனை வருஷம் படித்தும் உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆகவே நிறுத்த மாட்டேன். உனக்கும் ஒரு குச்சி அனுப்புகிறேன், மேல் பக்கம் எது என்று சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். கிளினிக் வாசலில் நடு. வேளாவேளைக்குச் சாப்பிடு, உன் மனைவியை அதட்டாதே, ராத்திரி கண் விழித்துப் படிக்காதே. உங்கள் ரெண்டு பேர் தலையிலும் என் கை இருப்பதாக நினைத்துக்கொள். ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளையும் கொஞ்சம் பணிவையும் தரட்டும்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமில்லாத அக்கா

பின்குறிப்பு: கவரை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போச்சு. இன்றைக்குப் பதினெட்டு. உன் மாமா காலையில் ரொம்பப் பதறினார், விரலை நீட்டவே இல்லை, வலிக்கும் என்றார். சின்னப் பிள்ளை மாதிரி பண்ணாதீங்க, பாருங்க என்று என் விரலில் முதலில் குத்திக் காட்டினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. மெஷின் கெட்டுப்போச்சு என்று கையைச் சோப்புப் போட்டுக் கழுவி இன்னொரு தடவை பார்த்தேன். முந்நூற்று ஒன்பது. அவருக்குப் பார்த்தால் நூற்று இருபத்தாறு. நான் நேற்று உபவாசம், தண்ணீரைத் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை, அதனால் சாப்பாட்டின் மேலும் பழி போட முடியவில்லை.

உட்கார்ந்து யோசித்தேன். அதே இலை, அதே மூணு அலசல், அதே டம்ளர் அளவு. அவருக்கு இறங்கியிருக்கிறது, எனக்கு இல்லை. அப்படியென்றால் நோட்டில் எழுதாத ஏதோ ஒன்று அவருக்குள்ளே போயிருக்கிறது. "என்னங்க அது?" என்றேன். டூட்டிப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். மூணாவது வாரம் திங்கட்கிழமையிலிருந்தாம். "உன் தம்பிதான் சொன்னான். இலையையும் குடிங்க மாமா, அக்காவைப் பகைச்சுக்காதீங்க, மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட மறக்காதீங்கன்னு." என்னிடம் ரெண்டு வரி, அவரிடம் அரை மணி நேரம். இருக்கட்டும். இப்போதுதான் டிப்போவிலிருந்து போன் பண்ணினார், டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டாராம், மத்தியானமே வண்டி எடுக்கிறார். போனை வைக்கிறதுக்கு முன்னால், "நீ தனியா இருக்க, படுத்துக்கோ" என்று நாலு தடவை சொன்னார். இருபத்தாறு வருஷத்தில் டூட்டி நேரத்தில் இப்படிப் பேசியதில்லை.

மேலே எழுதியதை அடிக்கவில்லை. அவ்வளவு அழகாக எழுதியதை அடிக்க மனசு வரவில்லை. நீயே படித்துவிட்டுக் கிழித்துப் போடு. பெண்களுக்கும் அதே மாத்திரைதானா, ஒன்றா அரையா, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று உடனே எழுது. இந்தத் தடவை ரெண்டு வரியில் எழுதினால் போதும். கவர் மேலே மாமா பெயரைப் போடாதே, என் பெயரைப் போடு.