பயிற்சி நோயாளி சிவபாலனின் ஒழுங்கீனம்

மனித குலம் இதுவரை கண்டடைந்த அரும்பொருள்களுள் தலையாயது 'உள்ளூர் அனுபவம்' என்பதே என் முடிவு. நெருப்பையும் சக்கரத்தையும் யாரும் எங்கும் கண்டுபிடித்துவிடலாம். உள்ளூர் அனுபவத்தை உள்ளூரில் மட்டுமே பெற முடியும்; பெறுவதற்கு முன்பே அது உங்களிடம் இருக்கவும் வேண்டும். இத்தனை நுட்பமான ஒன்றை ஆக்கிய நாடு எவ்வளவு பெரிய நாடாக இருக்க வேண்டும்!

அந்த நாட்டில், மெல்பேர்ன் கொலின்ஸ் தெருவில், மூன்றாம் மாடியில், பார்னபி மலைப் பனிச்சரிவு மீட்புச் சபை என்ற மேலான நிறுவனத்தில் நான் தற்காலிக லிகிதராக இருந்தேன். ஆண்டு 1975. குளிர்காலத்தில் அந்த மலைக்குப் பனிச்சறுக்கு ஆட வருபவர்கள் விழுந்து கால் கையை முறித்துக்கொள்வார்கள். அவர்களைத் தூக்கி வருவதற்கு மூன்று மாதத்துக்கு ஆள் எடுப்பது சபையின் பணி. கூட்டக் குறிப்பு எழுதுவது என் பணி. நான் அதிகம் பேசாதவன். என்னை வேலைக்கு எடுத்தபோது கேட்ட மூன்று கேள்விகளில் இரண்டுக்கு நான் பதிலே சொல்லவில்லை. 'முதிர்ச்சி' என்று எழுதி எடுத்துக்கொண்டார்கள்.

மே மாதத்தில் ஒரு காலை, நரைத்த மீசையோடு ஒருவர் கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“தம்பி யாழ்ப்பாணமோ?”

“ஓம்.”

“நல்லதாப் போச்சு. நான் சிவபாலன். இந்த மலை வேலைக்கு எழுதிப் போடலாமோ?”

“அண்ணை பனி கண்டிருக்கிறீங்களோ?”

“ஐஸ்பழம் கண்டிருக்கிறன்.”

“அது போதாது.”

“விழுந்தவனைத் தூக்கிறதுக்கு, அவன் எதிலை விழுந்தவன் எண்டது முக்கியமோ தம்பி?”

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவதே என் வழக்கம் என்பதை அவர் அறியார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார்.

நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு ஆண்டுகள் அப்போதிக்கரியாக, டாக்டர் இல்லாத இடத்தில் டாக்டராக, இருந்தவர். மழைக்காலத்தில் கொழுந்து பறிப்பவர்கள் சரிவில் வழுக்கி விழுவார்கள். அந்த இடத்திலேயே எலும்பை வைத்துக் கட்டி, ஒற்றையடிப் பாதையால் இறக்கி வருவார். இங்கே வந்து ஸ்பிரிங்வேலில் ஓர் அறை எடுத்திருந்தார். ஒரு தொழிற்சாலையில் பிஸ்கட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். தன் தொழிலில் வேலை பார்த்ததாக செப்டெம்பர் முடிவதற்குள் ஒரு கடிதம் காட்டினால், மனைவி விமலாதேவியும் இரண்டு பெண்களும் வரலாம் என்று குடிவரவுக் கந்தோர் சொல்லியிருந்தது.

“ஒரு கடிதம் தம்பி. ஒரே ஒரு கடிதம்.”

நேர்முகத் தேர்வு ஜூன் முதல் வாரத்தில் நடந்தது. சபைத் தலைவர் திருவாளர் விட்கோம் மெத்தை வியாபாரி. ஆகவே, விழுகின்றவர்களைப் பற்றிக் கவலைப்பட அவருக்கு முழுத் தகுதி இருந்தது. அவருக்குப் பக்கத்தில் அவருடைய மருமகன் பிரெட். மீட்புக் குழுவின் தலைவன், வயது இருபத்துமூன்று, பொன்னிறத் தோல், பொன்னிற முடி. அன்றைக்கு ஏற்கெனவே பதினொரு பேரைத் தேர்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் இரத்தத்தைப் பற்றிப் பேச்செடுத்ததுமே மயங்கி விழுந்தார். அவருடைய தந்தைக்கு அந்த மலையில் விடுதி இருந்தது. 'நுண்ணுணர்வு மிக்கவர்' என்று குறிப்பில் எழுதினேன்.

சிவபாலன் தன் கோப்பைத் திறந்தார். இருபத்துமூன்று நற்சாட்சிப் பத்திரங்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு முத்திரை.

“இவற்றை உறுதிப்படுத்தியவர் யார்?” என்றார் விட்கோம்.

“சமாதான நீதவான், சேர்.”

“உள்ளூரா?”

“அவர் இருக்கிற ஊரில் உள்ளூர்தான், சேர்.”

“சரிவில் அனுபவம்?”

“பன்னிரண்டு வருஷம். தேயிலைச் சரிவு.”

பிரெட் நிமிர்ந்தான். எவரையும் 'மேட்', நண்பரே, என்று விளிப்பது அவன் பழக்கம். “தேயிலையில் எப்படிச் சறுக்குவார்கள், மேட்?”

“விரும்பிச் சறுக்குவதில்லை. கூடை நிறைந்திருக்கும்போது சறுக்கும்.”

“எத்தனை தொடை எலும்பு கட்டியிருப்பீர்?” என்றார் தலைவர்.

“நாற்பது வரைக்கும் எண்ணினேன். பிறகு விட்டுவிட்டேன்.”

“பிரெட், நீ எத்தனை?” என்று கேட்டார் விட்கோம், ஒப்பிட்டுப் பார்க்கும் நல்லெண்ணத்தோடு.

“கைநூலில் படம் பார்த்திருக்கிறேன், மாமா.”

“உள்ளூர்க் கைநூல்தானே?”

“ஆம்.”

“நல்லது.”

சபை கூடி ஆராய்ந்தது. விண்ணப்பதாரரின் தகுதிகள் மெச்சத்தக்கவை. ஆனால் உள்ளூர் அனுபவம் இல்லை. ஏகமனதாக முடிவாயிற்று. சிவபாலன் கோப்பை மூடவில்லை.

“அந்த அனுபவத்தை எங்கே எடுக்கலாம், சேர்?”

யாரும் இப்படிக் கேட்டதில்லை. பிறகு பிரெட்டுக்குத்தான் அந்த ஒளி உதித்தது. மீட்புப் பயிற்சிக்கு வைத்திருந்த பொம்மையைப் போன ஆண்டு ஓடையில் விட்டுவிட்டார்கள். புதியது வாங்க வேண்டும். ஒரு மனிதர் கிடைத்தால்?

பொம்மையின் இடத்தில் ஒருவர்! பதவிக்குப் 'பயிற்சி நோயாளி' என்று பெயரிட்டார்கள். சாப்பாடு உண்டு, கம்பளி உண்டு, பருவ முடிவில் சபைத் தாளில் கடிதமும் உண்டு. சிவபாலன் என்னைப் பார்த்தார்.

“கடிதத்திலை மீட்புப் பிரிவு எண்டு வருமோ தம்பி?”

“வரும்.”

“அப்ப கிடப்பம்.”

இவ்வாறு ஆசியக் குடியேறியவர் ஒருவர் ஆஸ்திரேலிய மலைமீட்புத் துறையில் கிடைமட்டமாக நுழைந்தார்.

பதிவேடு எழுத என்னையும் மலைக்கு அனுப்பினார்கள். காலை ஒன்பது மணிக்கு சிவபாலன் பனியில் படுப்பார். கழுத்தில் அன்றைய காயத்தைச் சொல்லும் அட்டை தொங்கும். 'இடது தொடை முறிவு.' 'தலையில் அடி, நினைவில்லை.' பன்னிரண்டு நிமிடத்தில் குழு வந்து சேர வேண்டும். பெரும்பாலும் நாற்பதில் வந்தது. வழியில் காப்பிக் கடை இருந்தது. வந்ததும் அவரைக் கட்டிச் சறுக்குவண்டியில் ஏற்றுவார்கள். அவரும் விதிப்படி முனகுவார்.

முதல் வாரத்திலேயே ஒரு முறைப்பாடு எழுந்தது.

“‘ஐயோ அம்மா’ என்கிறார். எந்த இடத்தில் நோகிறது என்று எங்களுக்குப் புரியவில்லை” என்றான் பிரெட்.

ஆங்கிலத்தில் முனகும்படி எழுத்தில் பணிக்கப்பட்டது. முனகினார். இரண்டாம் முறைப்பாடு பாரதூரமானது. கட்டுப்போடும்போது நோயாளி கீழே கிடந்தபடி திருத்தம் சொல்கிறார்.

“முழங்காலுக்கு மேலேயும் ஒரு கட்டு வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு உள்ளே வெட்டும்.”

“நோயாளி பேசக்கூடாது, மேட். உங்களுக்கு நினைவில்லை. அட்டையைப் பாருங்கள்.”

அட்டையைப் பார்த்தார். நினைவிழந்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது என்னிடம் மட்டும் சொன்னார். “தம்பி, இந்தப் பெடியளின்ரை கட்டோடை உண்மையா ஒருத்தரை இறக்கினா, கால் போயிடும். ஆரிட்டையாவது சொல்லுமன்.”

நான் சூப் குடித்தேன்.

ஆகஸ்ட் இருபதாம் தேதிக்குள் என் பதிவேட்டின்படி அவருக்குத் தொடை அறுபத்துமூன்று தடவையும், கழுத்து ஒன்பது தடவையும் முறிந்திருந்தன. அத்தனையும் தவறாகக் கட்டப்பட்டு, 'சிறப்பு' என்று கையொப்பமிடப்பட்டன.

மறுநாள் காலை, பயிற்சி நடந்துகொண்டிருந்தபோதே, ஒரு பள்ளி ஆசிரியை சரிவில் வேகமாக வந்து எங்களுக்கு இருபது அடி அப்பால் மரத்தில் மோதி விழுந்தாள். தொடை வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. அவள் எந்த மொழியிலும் முனகவில்லை, வெறுமனே கத்தினாள்.

குழு திகைத்து நின்றது. சிவபாலனின் கழுத்திலும் தொடை முறிவு அட்டைதான். அவரை வண்டியில் பாதி கட்டி முடித்திருந்தார்கள். கைநூலைப் பிரித்தார்கள். முதலில் பதிவான நோயாளியே முதலில் என்று மூன்றாம் பக்கம் சொன்னது.

“இவருடைய தாள் நிரம்பிவிட்டது. அவளிடம் ஒரு படிவம் கொடுங்கள்” என்றான் பிரெட். ஒருவன் போய், அவளுடைய குடும்பப் பெயர் என்னவென்று கேட்டான்.

“அவிழ்த்து விடுங்கோடா!” என்று கத்தினார் சிவபாலன். கைகள் இரண்டையும் உடலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் கட்டு மட்டும் பிசகில்லாமல் இருந்தது. கழுத்தைத் திருப்பி என்னைத் தேடினார். “தம்பி! தம்பி, இதை அவிழும்!”

நான் அவிழ்த்தேன். ஏன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அதன்பின் நடந்ததைச் சொல்ல அதிக நேரம் வேண்டியதில்லை. செய்யவும் அவருக்கு அதிக நேரம் வேண்டியிருக்கவில்லை. காலை மெல்ல இழுத்து நேராக்கினார். அவளுடைய சறுக்குப் பலகையை அணையாக வைத்தார். தன் கம்பளியைக் கிழித்து ஐந்து இடத்தில் கட்டினார். “பிரெட், இஞ்சை பிடி. பிடிச்சபடி இரு. கைநூலைக் கீழை போடு” என்றார். பிரெட்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பிடித்தான், கைநூலையும் போட்டான். ஆசிரியையிடம் ஏதோ பகிடி சொன்னார். அவள் அழுதபடியே சிரித்தாள்.

கால் தப்பியது. அதைக் கட்டியவரின் கையைக் குலுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் எழுதி அனுப்பினார். சபை உடனே விசாரணை வைத்தது.

குற்றச்சாட்டுகள் இரண்டு. ஒன்று, பயிற்சி முடியுமுன், மீட்கப்படாத நிலையில், நோயாளி எழுந்து நடந்தார். மற்றது, உள்ளூர் அனுபவமின்றி எலும்பைத் தொட்டார்.

“உமது கட்டை அவிழ்த்தது யார்?” என்று கேட்டார் விட்கோம்.

சிவபாலன் என்னைப் பார்த்தார். நான் பேனாவின் முனையைப் பார்த்தேன். நல்ல முனை.

“நான்தான் அவிழ்த்தேன், சேர்.”

“கைகள் கட்டப்பட்டிருந்தனவே?”

“அனுபவம்.”

“உள்ளூர் அனுபவமா?”

“ஆம், சேர். இது இங்கேதான் கிடைத்தது.”

அடுத்த விடயம். அந்தக் காலைக் கட்டியது யார்?

“குழு” என்றான் பிரெட்.

“லிகிதரும் அங்கே நின்றார் அல்லவா? அவர் வேறு ஏதும் கண்டாரா?” என்றார் விட்கோம்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சிவபாலன் தணிந்த குரலில் சொன்னார்.

“கட்டினது ஆரெண்டு மட்டும் சொல்லும் தம்பி. அது காணும். கடிதத்திலை அது வரட்டும்.”

நான் பேசாமலிருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீண்ட, அவ்வளவு முழுமையான மௌனம் எனக்கு வாய்த்ததில்லை. பிறகு குனிந்து எழுதினேன்: 'மறுப்பு எதுவும் எழவில்லை.'

பிரெட்டுக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். சிவபாலனுக்கு வாக்களித்த கடிதத்தைக் கொடுத்தார்கள். சபை வாக்குத் தவறாதது. நானே தட்டச்சில் அடித்தேன். “மேற்படி சிவபாலன், ஜூன் முதல் எமது மீட்புப் பிரிவில் நோயாளியாக இருந்தார். குணமடையுமுன்னரே தாமாக எழுந்து சென்றார்.” ஒவ்வொரு சொல்லும் உண்மை. பதிவேட்டின் பிரதியையும் இணைத்தேன்.

குடிவரவுக் கந்தோர் கவனமாகப் படித்தது. ஒரே குளிர்காலத்தில் அறுபத்துமூன்று தடவை தொடை முறிந்த ஒருவர் மனைவி மக்களைத் தாங்கும் உடல்நிலையில் இல்லை என்று பதில் எழுதியது. விமலாதேவியின் கோப்பை மூடினார்கள்.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு அவர் மூன்றாம் மாடிக்கு வந்தார். என் கடிதத்தையும் பக்கத்தில் விரித்து வைத்தார். கோபம் ஏதும் தெரியவில்லை. எக்ஸ்ரே படம் பார்க்கிறவர்போல இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது நீர் அடிச்சதோ, தம்பி?”

“ஓம்.”

“ஒரு எழுத்துப் பிழையும் இல்லை.”

அவ்வளவுதான். பிஸ்கட் தொழிற்சாலையில் மாலை வேலைக்கு நேரமாகிறது என்று படியிறங்கிப் போனார்.

சபையின் முடிவு சரியானதே என்று யார் கேட்டாலும் சொல்வேன். அடிபட்டவள் கத்தும்போது வாய் திறவாமல், அசையாமல் கிடக்க அவரை மூன்று மாதத்துக்குத்தான் எடுத்தார்கள். அதைக்கூட முழுதாகச் செய்ய அந்த மனிதருக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒருவரை அவர்கள் அந்த நவம்பரில் நிரந்தரமாக்கினார்கள். எனக்கு இப்போது தனி அறை.