சேதுபதிக்கு ஏழு போத்தல்

"கிணத்தைத் தூர் வார ஆள் வரச் சொல்லியிருக்கேன். இன்னும் அரை மணி நேரத்துல வந்துருவாரு" என்று விஜயா சொன்னபோது, கலியாணசுந்தரத்தின் வாயில் இருந்த தோசை பாதி வழியில் நின்றுவிட்டது.

"இப்ப எதுக்கு?"

"எதுக்கா? நாளைக்குப் போகி. வீடு பூராக் கழுவிட்டுக் கிணத்தை மட்டும் அப்படியே விடவா? ரெண்டு மாசமா வாளி எதுலயோ இடிக்குது. உள்ள என்னமோ கிடக்கு."

கிடக்கவில்லை, தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கோணிப்பையில் ஏழு போத்தல் பீர். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு முழம் கீழே, ஜில்லென்று, கலியாணசுந்தரத்தின் நேரடி மேற்பார்வையில்.

அவர் குடிகாரர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. அவர் தராசு பழுதுபார்ப்பவர். மூவார், பத்து பகாட், சிகாமட், சிங்கப்பூர் என்று ஊர் ஊராகப் போய், ரப்பர் கடைத் தராசுகளின் முள்ளை நேராக நிறுத்திவிட்டு வருகிற வேலை. போகிற ஊரில் புதிதாக ஒரு பீர் கண்ணில் பட்டால் ஒரே ஒரு கிளாஸ் வாங்குவார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், நுரையை விரலால் அளப்பார், மூன்று வாயில் முடிப்பார். பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து எழுதுவார். நிறம், நுரை, கசப்பு, மார்க்.

அதோடு நின்றிருந்தால் அவருக்கும் நிம்மதி, கிணற்றுக்கும் நிம்மதி. ஆனால் அளக்கிற புத்தி சும்மா இருக்குமா? ஒரே பீர் வெளியூரில் ஒரு ருசி, வீட்டில் ஒரு ருசி என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நோட்டில் கோடு போட்டு 'பிரயாணத்தில்' என்று ஒரு பத்தி, 'வீட்டில்' என்று ஒரு பத்தி. முதல் பத்தி நிரம்பி வழிந்தது. இரண்டாவது பத்தி இரண்டு வருஷமாக வெள்ளையாகவே இருந்தது. காரணம் விஜயா. அவள் வீட்டை விட்டு நகர்வதே இல்லை. பொங்கல் முடிந்ததும் தம்பின் ஊரில் அக்கா வீட்டுக்கு மூன்று நாள் போகிறேன் என்று அவள் வாய் தவறிச் சொன்ன நாளிலிருந்துதான் கிணற்றுக்குள் போத்தல் சேர ஆரம்பித்தது.

விஜயாவின் அப்பா கள்ளுக்கடையிலேயே குடித்தனம் நடத்தியவர். அதனால் அவள் கல்யாணத்துக்குப் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். அதற்குத் தகுந்த மாப்பிள்ளையாகத்தான் கலியாணசுந்தரத்தைத் தேடிப் பிடித்தார்கள். அவருக்கென்று தனிப் பெருமை ஒன்றும் கிடையாது. சேதுபதி மகன் என்பதுதான் பெருமை. புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கள்ளு ஒழிப்புக் கமிட்டிச் செயலாளர் சேதுபதி. அவர் பேசினால் கள்ளு முட்டி தானாக உடையும் என்பார்கள். செத்து ஏழு வருஷம் ஆகியும், மாலை போட்ட படத்துக்குள்ளிருந்து மகனை முறைத்துக்கொண்டிருந்தார்.

விஜயா அடுப்படிக்குத் திரும்பியதும் கலியாணசுந்தரம் கொல்லைக்கு ஓடினார். கோணிப்பையை இழுத்து, சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு, செம்பருத்தி வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தார். அங்கே சின்னப்பா என்கிற அந்த வீட்டுக்காரரும் அவர் மனைவி அன்னம்மாவும் உட்கார்ந்து வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் மலாக்காச் செட்டிகள். முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்து நானூறு வருஷம் ஆகிறது. வந்த தமிழ் வழியில் எங்கேயோ கரைந்துபோய், வீட்டில் பேச்செல்லாம் மலாய்தான். ஆனால் செத்தவர்களை மட்டும் ஒருவரையும் மறக்கவில்லை. போகியன்று இலை போட்டு, யார் யாருக்கு எது பிடிக்குமோ அதை வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிடுவார்கள். பெரியவர்கள் வந்து நிதானமாகச் சாப்பிட்டுப் போக வேண்டும். பர்ச்சு என்று அதற்குப் பெயர்.

"தம்பி, பையில் என்ன?" என்று சின்னப்பா மலாயில் கேட்டார். அவரிடம் மிச்சமிருந்த பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சொல்லில் தம்பி ஒன்று.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சின்னப்பா நல்ல மனிதர். ஆனால் அன்னம்மாவும் பக்கத்தில் இருந்தார். அன்னம்மா காதில் விழுந்தால் அடுத்த நிமிஷம் வேலிக்கு அந்தப் பக்கம் விழும். கலியாணசுந்தரம் திருதிருவென்று விழித்தார். சமையல் மேடையில் பலகாரங்களுக்கு நடுவே ஒரு ஸ்டவுட் பீர் போத்தல் நின்றது. செத்துப்போன மாமனாருக்குப் பிடித்தது, நாளைக்கு அவர் இலையில் வைக்க என்று அன்னம்மா விளக்கினார்.

"இதுவும் அதுக்குத்தான்" என்றார் கலியாணசுந்தரம். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. "எங்க அப்பாவுக்கு. அவருக்குப் பீர்னா உசிரு."

அன்னம்மாவின் கண் கலங்கிவிட்டது. அப்பாவுக்கு வாங்கிய பொருளை இப்படி ஒளித்துக் கொண்டுவரலாமா, நாளைக்கு எங்கள் வீட்டிலேயே உன் அப்பாவுக்கும் ஒரு இலை, அவர் எங்களுக்கும் அப்பாதான் என்று மலாயில் பொழிந்துவிட்டு, ஈரக் கோணியைப் பிரித்து ஏழு போத்தலையும் சேலைத் தலைப்பால் துடைத்து வரிசையாக அடுக்கினார்.

கலியாணசுந்தரம் வீடு திரும்பிக் கால் கழுவுவதற்குள் செய்தி வேலியைத் தாண்டிவிட்டது.

"மாமாவா?" விஜயா படத்துக்கு அடியில் நின்று கேட்டாள். "இந்த மாமாவா?"

இந்த இடத்தில் அவருக்கு இரண்டு வழி இருந்தது. போத்தல் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு, விஜயா தம்பினுக்கு ஒரேயடியாகப் போவதைப் பார்ப்பது ஒன்று. மற்றதைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார்.

"கடைசிக் காலத்துல டாக்டர் குடிக்கச் சொன்னாரு. மருந்தா. வெளிய தெரிஞ்சா கமிட்டிக்கு அசிங்கம்னு யாருகிட்டயும் சொல்லல."

விஜயா தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டப்போகிறாள் என்று அவர் பார்த்தார். அவளோ அழுதாள். "ஏழு வருஷமா அவருக்குத் திவசத்துல மோர் வச்சிருக்கேங்க. மருந்தைக் கேட்டு வந்த மனுசனுக்கு மோரு. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

மாமனாரை அவள் உண்மையாகவே கும்பிட்டாள். அதனால் மருமகள் செய்த குறையை மருமகளே தீர்க்க வேண்டும் என்று எழுந்தாள். எந்தப் பீர் பிடிக்கும் என்று கேட்டாள். கலியாணசுந்தரம் ஏழு போத்தலையும் மனசில் எண்ணிப் பார்த்து, குறிப்பாக ஒன்று என்று இல்லை, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் பார்ப்பார் என்று சொல்லிவைத்தார். அது ஒன்றுதான் அன்றைக்கு அவர் ஓரளவு நிஜமாகச் சொன்னது, ஆளை மட்டும் மாற்றி.

தூர் வார வந்தவர் கிணற்றுக்குள் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ராத்திரி கலியாணசுந்தரத்துக்குத் தூக்கம் வரவில்லை. படத்தைத் திருப்பி வைக்கலாமா என்று ஒரு தடவை எழுந்து, பயந்து படுத்துவிட்டார்.

போகியன்று காலையில் விஜயா கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். துக்காங் எமாஸ் தெருக் கோயிலில் பிள்ளையாருக்கு அர்ச்சனை, அப்படியே மாமாவுக்குப் பூ. படியிறங்கும்போது சும்மா சொல்வது போலச் சொன்னாள்.

"அத்தைக்கு நேத்தே சொல்லி அனுப்பிட்டேன். பஸ் கண்டக்டர் தெரிஞ்ச ஆளுதான். மாமாவுக்குப் பீர் வச்சுப் படைக்கிறோம், மத்தியானத்துக்குள்ள வந்துருங்கன்னு."

கலியாணசுந்தரம் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அம்மாவிடமா? தனலட்சுமிக்குப் புருஷன் சாமி. அவர் பேசப் போன கூட்டத்துக்கெல்லாம் கூடவே போய் முன் வரிசையில் உட்கார்ந்தவள். அந்த மனிதரைப் பெற்ற பிள்ளையே குடிகாரன் ஆக்கிவிட்டான் என்று தெரிந்தால் அந்த மனசு என்ன பாடுபடும்? விஜயா கோபித்துக்கொண்டால் காலில் விழுந்து சரிக்கட்டலாம். அம்மா அழுதால் என்ன செய்வது? முதல் முறையாக அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. சைக்கிளை எடுத்து மிதித்தார்.

புக்கிட் ரம்பாய் வரைக்கும் மூச்சு இரைக்க இரைக்க மிதித்து, அம்மா வீட்டு வாசலில் சைக்கிளைப் போட்டார். கதவில் பூட்டு தொங்கியது. எதிர்த்த வீட்டிலிருந்து கதர்ச் சட்டையும் குடையுமாகப் பொன்னுதுரை வந்தார். கள்ளு ஒழிப்புக் கமிட்டித் தலைவர். சேதுபதியோடு இருபது வருஷம் ஒரே மேடையில் நின்றவர்.

"உங்கம்மா காலைல பஸ்ஸுக்கே கிளம்பிட்டாங்களே தம்பி. சேதுபதிக்குப் படையல் வைக்கிறீங்களாமே. எனக்குச் சொல்ல மாட்டியா நீ?"

சின்னதுதான், வீட்டோடு, வேறு யாரும் இல்லை என்றெல்லாம் கலியாணசுந்தரம் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்லப் பொன்னுதுரைக்கு வைராக்கியம் ஏறியது. இந்த வருஷம் நாடே சுதந்திரம் வாங்கப் போகுது, கள்ளுலேருந்து நமக்கு முதல்ல சுதந்திரம் கேட்டவன் சேதுபதி, அவன் இலைக்கு முன்னால நான் நிக்காம யாரு நிக்கிறது என்று கேட்டுவிட்டு, சைக்கிளின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து குடையை விரித்தார்.

கனத்த ஆள். மேட்டில் சைக்கிள் முனகியது. பின்னாலிருந்து பொன்னுதுரையின் குரல் நிற்கவே இல்லை.

"உங்கப்பா மாதிரி ஆளைப் பார்க்க முடியாது தம்பி. மூவார்ல கூட்டம், சிகாமட்ல கூட்டம், எங்க போனாலும் பேசி முடிச்சதும் நாங்கெல்லாம் டீக்கடைல உக்காந்து அரட்டை அடிப்போம். அவரு நிக்க மாட்டாரு. நேரா ரூமுக்குப் போயிருவாரு. உங்கம்மாவும் பையைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே போயிருவாங்க. பேசிப் பேசித் தொண்டை காஞ்சிருக்கும், சுக்குக் காப்பி போட்டுக் குடுக்கணும்பாங்க. புருஷன் பொஞ்சாதின்னா அது."

கலியாணசுந்தரத்தின் கண் கலங்கிப் பாதை மங்கியது. வியர்வை என்று துடைத்துக்கொண்டார்.

தங்கள் ஊரான கஜா பெராங் வந்து சேர்ந்தபோது சின்னப்பா வீட்டுக் கூடம் தயாராக இருந்தது. தரையில் ஐந்து இலை. நாலு இலை சின்னப்பாவின் முன்னோருக்கு. ஐந்தாவது இலைக்கு மேலே சேதுபதியின் படம் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டு, புது மாலை போட்டு, விளக்கு ஏற்றியிருந்தது. இலையில் சோறு, மீன் கறி, பலகாரம். இலையைச் சுற்றி ஏழு போத்தல். நடுவில் நுரை ததும்ப ஒரு கிளாஸ். விஜயா நுரையைக் கூடச் சரியாகத்தான் ஊற்றியிருந்தாள், இரண்டு விரல்.

பொன்னுதுரை படத்தைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்துவிட்டுக் குடையை மெதுவாக மடக்கினார்.

தனலட்சுமி சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை என்று விஜயா காதோடு சொன்னாள். டாக்டர் சொன்ன மருந்துதான் என்று விஜயா எடுத்துச் சொன்னபோதும் பதில் இல்லையாம். அந்த ஏழு போத்தலையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.

சின்னப்பா கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். இனிப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டால், வந்தவர் வந்தவர்தான். அப்புறம் ஊரில் யாரைக் கேட்டாலும், ஏழு போத்தலோடு கூப்பிடப்பட்ட சேதுபதிதான் சேதுபதி. நாலு பேரைக் கூப்பிட்டு முடித்து, சின்னப்பா ஐந்தாவது இலைக்குத் திரும்பினார்.

"வேணாம், கூப்பிடாதீங்க" என்றார் கலியாணசுந்தரம்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து விஜயாவின் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு அம்மாவின் முன்னால் போய் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, நான் பொய் சொல்லிட்டேன். டாக்டரும் இல்ல, மருந்தும் இல்ல. இது ஏழும் என்னோடது. ஊர் ஊராப் போயி ஒரு ஒரு கிளாஸ் குடிச்சுப் பாக்குறது நான்தான். மாட்டிக்கப் போறேன்னு பயந்து அப்பா பேரைச் சொல்லிட்டேன். அவரு சுத்தமான மனுசன். என்ன மன்னிச்சுரும்மா."

விஜயா நோட்டைப் பிரித்தாள். பொன்னுதுரை பெருமூச்சு விட்டு, எனக்குத் தெரியும், அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று தலையை ஆட்டினார். 

தனலட்சுமி மகனின் தலையில் கை வைத்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த ஒற்றைக் கிளாஸைக் காட்டி மருமகளைப் பார்த்தாள்.

"இன்னொரு கிளாஸ் கொண்டா தாயி. அவரு ஒரு நாளும் என்னை விட்டுட்டுத் தனியாக் குடிச்சதில்ல."