மூண்டு ஆசீர்வாதமும் ஒரு ஓட்டோவும்

இண்டைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணி, சில்லுக்குக் கீழ வச்ச தேசிக்காயை நசிச்சு, கேற் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகவேணும்.

நான் கடலோரத் தாராபுரம் பக்கம் ஒரு சின்னத் தொழிற்கல்லூரிக்கு அதிபர். லண்டனில இருந்து வந்த எங்கட ஊர் அண்ணர் ஒருத்தர், மெக்கானிக் வகுப்புக்கு ஒரு பாவிச்ச ஓட்டோ வாங்கித் தந்தவர்.

"இதை எப்பிடி வச்சிருக்கிறியள் எண்டு பாத்திட்டுத்தான் போட் எஞ்சின் தாறதைப் பற்றிச் சொல்லுவன்" எண்டும் சொல்லிப்போட்டார்.

கடற்கரைப் பிள்ளையளுக்குப் போட் எஞ்சின் வேலை பழக்கவேணும் எண்டு எத்தினை வருசமா அலையிறன்!

அதால ஓட்டோவை ஆசீர்வதிக்கிற விழாவைப் பெரிசாச் செய்தன். ஃபாதர், ஐயர், மௌலவி மூண்டு பேரையும் கூப்பிட்டன். தலைமைத்துவம் எண்டால் எல்லாரையும் அணைச்சுப் போறதெல்லோ!

பிள்ளையள் பூமாலை கட்டின ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்திச்சினம். பெற்றோல் மிச்சம் பிடிக்கினம் எண்டு எனக்கு ஒரே பெருமை.

"பாத்தீங்களோ அண்ணை, எங்கட பிள்ளையளின்ர பொறுப்பை!"

ஃபாதர் தீர்த்தம் தெளிச்சார். ஐயர் கற்பூரம் காட்டினார். மௌலவி துஆ ஓதினார். நான் கம்பீரமா ஏறித் திறப்பைத் திருப்பினன்.

ஒரு சத்தமும் இல்லை. திரும்பவும் திருப்பினன். மதிலோரம் நிண்ட கழுதை மட்டும் கத்திச்சு.

ஃபாதர் குனிஞ்சு சொன்னார்: "நாங்கள் மூண்டு பேரும் எங்கட வேலையை முடிச்சிட்டம், அதிபர். இனி உங்கட பாடு."

மெக்கானிக் வகுப்பு ஜெனிற்றா மெல்லக் கிட்ட வந்தா.

"சேர், எஞ்சின் வகுப்பறையில இருக்கு."

"என்னது?!"

"ஆசீர்வதிக்கிற சாமான் அழுக்கா இருக்கக்கூடாதெல்லோ சேர். கழட்டிக் கழுவினனாங்கள். பூட்ட நேரம் காணேல்ல."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கிறேல்லையோ?"

"'எல்லாத்துக்கும் என்னட்டை ஓடி வராதேங்கோ, நீங்களே முடிவெடுங்கோ' எண்டு நீங்கள்தானே சேர் சொன்னனீங்கள்!"

அண்ணர் மணிக்கூட்டைப் பாத்தார். போட் எஞ்சின் கைவிட்டுப் போச்சு எண்டே நினைச்சன். எனக்கு அழுகை வராத குறை.

விருந்தாளியளுக்கு ரோல்ஸும் பிளேன்ரீயும் குடுத்து, வாய் ஓயாமக் கதையும் குடுத்தன். ஆர் கேட்டது? எல்லாற்ற கண்ணும் பிள்ளையளில. அந்த முற்றத்திலயே எஞ்சினைக் கொண்டுவந்து பூட்டிச்சினம். என்ன வேகம் அந்தக் கையளுக்கு! ஜெனிற்றா திறப்பைத் திருப்ப, எஞ்சின் உடன பிடிச்சிட்டுது.

அண்ணர் எழும்பி நிண்டு கை தட்டினார். "போட் எஞ்சின் உறுதி! ஏறுங்கோ அதிபர், முதல் ரவுண்ட் நீங்கள்தான்!"

நான் ஏறேக்க ஜெனிற்றா காதுக்குள்ள குசுகுசுத்தா.

"சேர், ஒரு நட்டு மிஞ்சிப்போச்சு. எங்க இருந்ததெண்டு தெரியேல்ல. ஓட்டோ தந்த ஐயாவுக்குச் சொல்லட்டோ?"

தலைமைத்துவம் எண்டால் என்னெண்டு இண்டைக்குத்தான் விளங்கினது: மிஞ்சின நட்டைப் பொக்கற்றுக்குள்ள போட்டுக்கொண்டு, சிரிச்ச முகத்தோட ஓட்டோ ஓட்டுறது.