புஜ்ஜிக்கு மொட்டை

நகரி,
ஞாயிறு.

அன்புள்ள ஸ்வர்ணலதா அத்தைக்கு,

நந்திதா வணக்கத்துடன் எழுதுவது. திருமலை வேலைக்கு நடுவே வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே அம்மா, நைனா, நான் எல்லோரும் நலம். நீங்கள் எங்களிடம் விட்டுப்போன புஜ்ஜியும் நலம், முடிதான் இல்லை. போனில் சொல்ல வெட்கமாக இருந்ததால் எழுதுகிறேன்.

போன மாதம் புஜ்ஜி சொறிய ஆரம்பித்தது. காதோரம் வழுக்கையானது. நைனா டிராக்டரின் பழைய ஆயிலைத் தடவினார். புஜ்ஜி அதைப் பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரில் தேய்த்துத் தேய்த்து இன்னொரு நாயின் படமே வரைந்துவிட்டது. அம்மா கத்திய கத்தலில் நைனாவும் நானும் அதைப் புத்தூர் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். டாக்டரம்மா காதோரத்தைப் பிளேடால் லேசாகச் சுரண்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, என்னையும் பார்க்கச் சொன்னார். எட்டுக் காலோடு ஒரு சொறிப்பூச்சி அத்தை, உருண்டையாக, நெளிந்துகொண்டு!

"தோலுக்குள்ள வளை தோண்டிக்கினு குடும்பம் நடத்துது. ஆயில் தடவின மகராசன் யாரு?" என்றார். நைனா கூரையைப் பார்த்தார். முடியை எடுத்துக் களிம்பு தடவ வேண்டும், எடைக்குத் தகுந்த மாத்திரை தர வேண்டும், படுக்கிற சாக்கை வெந்நீரில் போட வேண்டும் என்றார்.

முடி வெட்டுபவர் கும்பிட்டு அனுப்பிவிட்டதால் நைனாவே கத்தரியோடு உட்கார்ந்தார். மொட்டை உடம்பு, மேலே மஞ்சள் களிம்பு. அப்படியே தெருவில் கூட்டிப்போனால் பக்கத்து வீட்டு வெங்கடம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மலைக்குப் போய் வந்துட்டீங்களா? ஒரு வார்த்த சொல்லல! சந்தனந்தான் இன்னாமோ நாறுது. லட்டு எங்கடி?"

எனக்கு வெளியாட்களிடம் வாய் வராதே. தலையை ஆட்டிவிட்டேன். சாயந்திரத்துக்குள் தெருவே லட்டுக்குக் காத்திருந்தது. புஜ்ஜியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட எதிர்வீட்டு ஸ்ரீஹரி அண்ணன் இப்போது கை சொறிகிறார். அவரை மனுஷ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

நேற்று மறுபடி சுரண்டிப் பார்த்ததில் பூச்சி இல்லை. முடியும் அரும்புகிறது. திருப்பதியில் உங்களுக்கு வீடு கிடைத்துவிட்டதாமே, வெள்ளிக்கிழமை வந்து புஜ்ஜியை அழைத்துப்போங்கள். எங்களுக்கும் தொல்லை விட்டது. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. வரும்போது தெருவுக்குப் போதுமான லட்டு கொண்டுவாருங்கள்.

ஏழுமலையான் உங்களைச் சொறி சிரங்கு அண்டாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
நந்திதா

பின்குறிப்பு: 'வந்து அழைத்துப்போங்கள், தொல்லை விட்டது' என்றதெல்லாம் அம்மா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதியது. இப்போது அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை வராதீர்கள் அத்தை. நான் நிறுத்தாமல் பேசுவது புஜ்ஜியிடம் மட்டும்தான். நைனாவையும் கேட்டேன். "லட்ட மட்டும் பஸ்ல அனுப்பச் சொல்லு" என்கிறார்.