மூன்றாம் மாடிக்கு வந்த வயர்

“இந்தக் கார்டு இதுல போகாதுங்க,” என்றாள் மனைவி நளினி.

கல்யாணசுந்தரத்துக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். கம்ப்யூட்டரில் இருந்த துளை நீளம். கடையில் வாங்கிய நெட்வொர்க் கார்டோ குட்டை.

தொண்ணூற்று நான்கில், மஸ்கட்டில் ரூவியில் இருந்தபோது வாங்கிய கம்ப்யூட்டர். அஜ்மானுக்கு வரும்போது கட்டிலைக்கூட விற்றார், அதை விற்கவில்லை. ரிப்பேர் என்றால் அவரேதான் பிரிப்பார், அவரேதான் மாட்டுவார். ஒன்பது வருஷமாக ஓடுகிறது. இன்டர்நெட் மட்டும் கிடையாது.

இன்டர்நெட் இருந்தது கீழ்வீட்டு பாலமுரளியிடம். புதுக் கம்ப்யூட்டரும் லைனும் வாங்கி, அந்தக் கம்ப்யூட்டரிலிருந்தே பில்டிங்கில் நாலு வீட்டுக்கு வயர் இழுத்துக் கொடுத்திருந்தான். “உங்க பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டு வாங்க சார், உங்களுக்கும் வயர் தர்றேன்,” என்று வேறு சொல்லியிருந்தான். அன்றைக்கே கல்யாணசுந்தரத்துக்கு அவனைப் பிடிக்காமல் போய்விட்டது.

அது போதாதென்று, கோவையில் நளினியின் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. ஈமெயிலில் வரும் படத்தைப் பார்க்க நளினி தினமும் சாயங்காலம் பாலமுரளி வீட்டுக்குப் போனாள். போனால் ஒரு மணி நேரம். திரும்பி வரும்போது முகம் பூரித்திருக்கும். ஒரு படம் பார்க்க ஒரு மணி நேரம் எதற்கு? எல்லாம் அந்தப் பாலமுரளி பெருமையடிப்பதாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார். வயிறு எரிந்தது. அந்தப் படத்தைத் தன் வீட்டில், தன் பெட்டியில் வரவழைத்து, தன் மனைவியைத் தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தால்தான் அது அணையும் போலிருந்தது.

நீளக் கார்டு தேடிக் கடை கடையாக ஏறினார். அந்த மாதிரிக் கார்டெல்லாம் இப்போது மாஃபி, கிடையாது என்று கையை விரித்தார்கள். கடைசியில் ஷார்ஜாவில் பழைய சாமான் விற்கும் மூசா, குவியலுக்குள் கையை விட்டு ஒரு நீளக் கார்டை உருவிக் கொடுத்தார். ஓடினால் ஓடும், ஓடாவிட்டால் கலாஸ், அவ்வளவுதான் என்றார்.

கார்டு கச்சிதமாக உட்கார்ந்தது. உடனே ஸ்பீக்கரில் சத்தம் நின்றது. போகட்டும் என்று விட்டார்.

கார்டை இயக்கும் சாஃப்ட்வேரோ இன்டர்நெட்டில்தான் கிடைக்குமாம். அதற்காகப் பாலமுரளி வீட்டு வாசலில் போய் நிற்பதா? பிரவுசிங் சென்டருக்குப் போய் ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டர் ஃப்ளாப்பியை விழுங்கிவிட்டுத் திருப்பித் தர மறுத்தது. பிரித்து, இடுக்கியால் பிடுங்கி, துடைத்து, மறுபடி மாட்டினார். சாஃப்ட்வேர் ஏறியது. மவுஸ் செத்தது. வெறும் கீபோர்டைத் தட்டியே மிச்ச வேலையை முடித்தார்.

வயர் மட்டும் அவனிடமிருந்துதான் வந்தாக வேண்டும். நளினி போய்க் கேட்டாள். பாலமுரளியே வந்து பால்கனி வழியாக இழுத்துக் கொடுத்தான். சொருகியதும் இன்டர்நெட் வந்தது. பாலமுரளி, திறந்து கிடந்த பெட்டியையும் கல்யாணசுந்தரத்தின் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனான். இளக்காரம் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம், நளினியை நாற்காலியில் உட்கார வைத்தார். புதுப் படம் வந்திருப்பதாகத் தங்கை போனில் சொல்லியிருந்தாள். கீபோர்டைத் தட்டினார். குழந்தையின் தலைமுடி வந்தது. நெற்றி வந்தது. அத்தோடு நின்றுவிட்டது. இன்டர்நெட்டே இல்லை.

“வயரைப் பிடுங்கிட்டான். என் வீட்டுல படம் வந்தா அவனுக்குப் பொறுக்குமா? பொறாமை பிடிச்சவன்.”

“அவசரப்படாதீங்க,” என்று நளினி சொல்வதற்குள் படியில் பாதி தூரம் இறங்கியிருந்தார்.

கதவைத் திறந்தது பாலமுரளியின் மனைவி தாரிணி. அவளுக்குப் பின்னால், தரையில் விரித்த பேப்பரில் அந்தப் புதுக் கம்ப்யூட்டர் துண்டு துண்டாகக் கிடந்தது. நடுவில் பாலமுரளி, வாயில் ஒரு திருகாணியோடு உட்கார்ந்திருந்தான். அவன் நிமிரவே இல்லை.

தாரிணி சொன்னாள்:

“நல்ல வேளை வந்தீங்கண்ணா. ‘எங்க வீட்டுக்காரர் எதையும் தானே பிரிச்சு மாட்டிடுவார், அவர் மாதிரி ஆள் இந்த அஜ்மான்லயே கிடையாது’ன்னு அக்கா தினமும் ஒரு மணி நேரம் இங்க உக்காந்து சொல்லிச் சொல்லி, இவரும் இன்னிக்குப் பிரிச்சுட்டார்.”