நூற்றிருபது பைகளில் ஒரு யானை

லோகோ வரைவதுதான் பிழைப்பு என்று சொன்னால், "நல்ல லோகோ எப்படி இருக்கணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. கட்டைவிரல் நகத்தளவுக்குச் சுருக்கினாலும் அது என்னவென்று தெரிய வேண்டும். நிறமே இல்லாவிட்டாலும் தெரிய வேண்டும். அவ்வளவுதான். இதை எந்த வகுப்பிலும் நான் படிக்கவில்லை. சொந்தத் தாய்மாமனின் முதல் சரக்கைப் பாழாக்கித் தெரிந்துகொண்டேன்.

காசிம் மாமாவுக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் கார்கானா. (பெரிய ஆலை என்று நினைத்துவிட வேண்டாம். நாலு மெஷின், ஒரு ஏணி, ஒரு ஃபேன்.) பதினைந்து வருடமாக அடுத்தவர் பெயர் போட்ட பைகளையே தைத்துக் கொடுத்தவர், முதன்முறையாகத் தன் சொந்தச் சரக்கென்று நூற்றிருபது பை தைத்தார். கல்லூரி திறக்கிற நேரம். செம்பூரில் பைக்கடை வைத்திருந்த ஒரு சேட் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பையின் முகத்தில் குத்த ஓர் அடையாளம் மட்டும்தான் பாக்கி. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆறு மாத டிசைன் கோர்ஸ் முடித்து, சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். வேறு யாரிடம் கேட்பார்?

"யானையே பிடிச்சு இழுத்தாலும் நம்ம பை வாரு அறாதுல. அத மனசுல வச்சு ஏதாவது போடு" என்றார் மாமா.

போட்டேன். வெறும் யானையா? துதிக்கையை நீட்டி ஒரு பையைத் தூக்கிப் பிடித்த யானை. பின்னால் கடல், கடலில் இறங்கும் சூரியன், தந்தத்தில் ஊசி நூல், தலைமேல் தையல் மெஷின். மொத்தம் ஏழு நிறம். லேப்டாப்பில் திரை முழுக்க விரித்துக் காட்டியபோது மாமா கண் கலங்கிவிட்டார். ஜுலேகா மாமி மட்டும், "மெஷினத் தூக்கி யான தலையில வச்சிருக்கியே, அதுக்கு வலிக்காதா?" என்றார். (மாமிக்குக் கலை ரசனை கிடையாது என்று முடிவு கட்டினேன்.)

தோலில் குத்தும் முத்திரைக்கு நிறம் கிடையாது. பித்தளையில் அச்சு வெட்டி, சூடாக்கி, அழுத்த வேண்டும். அச்சின் அளவு ஓர் அங்குலம். அச்சு வெட்டுகிற பெரியவர் என் படத்தைக் கண்ணாடிக்கு மேலாகவும் கீழாகவும் பார்த்துவிட்டு, "பேட்டா, பஹுத் பாரீக் ஹை" என்றார். ரொம்ப நுணுக்கமாக இருக்கிறது, கோடுகளைக் குறைத்துத் தடிமனாக்கு, இல்லையென்றால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று பொறுமையாக விளக்கினார். "டிசைன் மே ஹாத் மத் லகாவோ" என்றேன். டிசைனில் கை வைக்காதே என்று, என் வயதைப்போல் இரண்டு மடங்கு வருடம் அச்சு வெட்டியவரிடம். அவர் படத்தை வாங்கி வைத்துக்கொண்டார். வெட்டிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவும் மாமியும் அம்பர்நாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். "மொதப் பையில அச்ச அடிச்சு போட்டோ அனுப்புல. நான் பாத்துச் சொன்ன பொறவு மிச்சத்த அடி" என்று மாமா சொல்லிவிட்டுத்தான் போனார். முதல் பையை அடித்தேன். போட்டோ எடுத்தேன். வெளிச்சம் சரியில்லாததால் சற்று மங்கலாகத் தெரிவதாகப் பட்டது. அதனால் லேப்டாப்பில் இருந்த ஏழு நிறப் படத்தையே அனுப்பினேன். கல்யாணக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து "சூப்பர்ல!" என்று பதில் வந்தது. மிச்சம் நூற்றுப் பத்தொன்பதையும் அடித்து முடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்ணுக்கு ஒவ்வொன்றிலும் யானைதான் தெரிந்தது. வரைந்தவனுக்கு எப்படித் தெரியாமல் போகும்?

மறுநாள் காலை மாமா ஷட்டரைத் தூக்கும்போதே சேட் வந்துவிட்டார். ஒரு பையை எடுத்தார். ஜிப்பை இழுத்தார், வாரைச் சுண்டினார், திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு முத்திரையை விரலால் தடவினார்.

"காசிம்பாய், பேக் ஏ-ஒன் ஹை. லேகின் யே சூஹா க்யூன்?"

பை பிரமாதம், ஆனால் இந்த எலி எதற்கு?

"அது யானை" என்று நான் முந்திக்கொண்டேன். "ஹாத்தி ஹை, சேட்."

"ஹாத்தி? கிதர்?"

துதிக்கையைத் தொட்டுக் காட்டினேன். "இது வால்" என்றார் சேட். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. கடலும் சூரியனும் தையல் மெஷினும் யானையோடு உருகி ஒரே உருண்டையாகிவிட்டிருந்தன. நீட்டிய துதிக்கை வாலாகிவிட்டது. நான் வரைந்த யானை இடப்பக்கம் போனது. பையில் இருந்த எலி வலப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறை எலியாகத் தெரிந்த பிறகு எவ்வளவு முயன்றாலும் அது யானையாகவில்லை.

மும்பையில் எலி படம் போட்ட பையை எவன் வாங்குவான், வியாழக்கிழமைக்குள் ஏதாவது செய்யுங்கள், இல்லையென்றால் வேறு இடத்தில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு சேட் கிளம்பினார்.

மாமா பையை மடியில் வைத்துக்கொண்டு மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன்.

"அப்போ நேத்து நீ அனுப்புன போட்டோ?" என்று மட்டும் கேட்டார்.

நான் ஃபேனைப் பார்த்தேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அவர் ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

மத்தியானம் சோறு கொண்டு வந்த மாமி பையைப் பார்த்தார். சிரித்தார். தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு இன்னும் சிரித்தார். பிறகு கழிவுத் தோல் மூட்டையைக் கிளறி, ஒரு சிவப்புத் துண்டை முக்கோணமாக வெட்டி எலிமேல் வைத்தார். கச்சிதமாக மூடியது.

"ஒட்டித் தச்சிருவோம். எலி உள்ளுக்க கிடக்கட்டும்."

"முனைய மட்டும் கொஞ்சம் வளைச்சு, உள்ள ஒரு சின்ன கோடு போட்டா..." என்று ஆரம்பித்தேன்.

"நீ பசையத் தடவுல!" என்றார்கள் மாமாவும் மாமியும் ஒரே குரலில்.

மூன்று நாள் தடவினேன். மாமி வெட்ட வெட்ட மாமா தைத்தார். வியாழக்கிழமை சேட் வந்து பார்த்துவிட்டு உடனே டெம்போவில் ஏற்றச் சொன்னார். அதே மழைக்காலத்தில் இன்னும் சரக்கு கேட்டு ஃபோன் செய்தார். கடைக்கு வருகிற பிள்ளைகள் "லால் திகோன்வாலா" கேட்கிறார்களாம், அந்தச் சிவப்பு முக்கோணம் போட்ட பை. ஏழு நிறத்தில் நான் செய்ய முடியாததை மாமி கத்தரியால் செய்துவிட்டார். இன்று மாமாவின் பெயர்ப்பலகையிலும் அதே முக்கோணம்தான். எப்போதாவது பழைய பை ஒன்று பழுதுக்கு வரும். முக்கோணத்தைப் பிரித்தால் உள்ளே எலி. அன்றைக்கு மாமி தவறாமல் எனக்கு ஃபோன் செய்வார்: "ஏலே யூசுப், ஒன் யான வந்திருக்குல!"

நானும் அதன் பிறகு பல கம்பெனிகளுக்கு லோகோ வரைந்துவிட்டேன். விக்ரோலி ஆபீஸில் எனக்குக் கீழே நாலு பேர் இருக்கிறார்கள். போன மாதம் என் மகளுக்கு ஸ்கூலில் யானை வரைந்து வரச் சொன்னார்கள். "வாப்பா வரஞ்சு தாரேன்" என்று நானே கேட்டு வாங்கி, கடல், சூரியன் எதுவும் இல்லாமல், தடித்த கோட்டில் அழகாக வரைந்து கொடுத்தேன். அவள் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து, படத்துக்குக் கீழே இந்தியில் பெரிதாக 'ஹாத்தி' என்று எழுதினாள்.

"எதுக்கும்மா எழுதுத? பாத்தாலே தெரியுமே?"

"டீச்சருக்குத் தெரியணும்லா வாப்பா" என்றாள். "நீங்க வரஞ்சா அப்பிடித்தான் எழுதணும்னு ஒங்க ஜுலேகா மாமி சொன்னாங்க."